பத்து வினாடியில் நாலரை கிலோமீட்டர் நகர்ந்த மதுரை

1900-ம் வருஷத்துத் தேதி ஒன்றை எடுத்து, கம்ப்யூட்டரில் 'ஏசியா/கொல்கத்தா' நேர மண்டலத்தில் போட்டுப் பாருங்க. ஜாவாவோ பைத்தானோ, எதுவானாலும் சரி. கிரீனிச் நேரத்தோடு நமக்குப் பழக்கமான ஐந்தரை மணி நேர வித்தியாசம் வராது. +05:21:10 என்று ஒரு விசித்திரமான எண் வரும். ஐந்து மணி, இருபத்தொரு நிமிடம், பத்து வினாடி. நம்ம தொழிலில் இருக்கிறவங்க பலர் இதை 'பக்'குன்னு நினைச்சுத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பாங்க. பக் இல்லை. அதுதான் 'மெட்ராஸ் நேரம்'. 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வருவதற்கு முன்னால், இந்திய ரயில்களுக்கெல்லாம் பொது நேரமாக இருந்தது சென்னை வானாய்வகத்தின் கடிகாரம். அந்த எண் இன்னமும் உங்க லேப்டாப்புக்குள்ளே தூங்கிக்கிட்டிருக்கு.

இதில் என்னைப் பிடித்து இழுத்தது மெட்ராஸ் நேரம் இல்லை. அந்தக் கடைசிப் பத்து வினாடி. இன்று நாம் ஏற்றுக்கொள்ளும் அளவின்படி சென்னை வானாய்வகத்துக்கும் கிரீனிச்சுக்கும் உள்ள நேர வித்தியாசம் 5 மணி 20 நிமிடம் 59.6 வினாடிதான். ஏறக்குறைய பத்து வினாடி அதிகமாக இருக்கு. பத்து வினாடி ஒரு ரயிலுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் வரைபடத்துக்கு அது நாலரை கிலோமீட்டர். 19-ம் நூற்றாண்டின் பெரும்பகுதி, சர்வே வரைபடங்களில் மதுரை இருக்க வேண்டிய இடத்தைவிட நாலரை கிலோமீட்டர் கிழக்கே உட்கார்ந்திருந்தது. மதுரை மட்டுமில்லை, கன்னியாகுமரியிலிருந்து இமயமலை வரைக்கும் மொத்தமாக.

எப்படி இது நடந்தது, எப்படிச் சரியானது, இன்றைக்கு நமக்கு அதனால் என்ன? இந்த மூன்றும்தான் இந்தக் குறிப்பு.

குச்சி ஒன்று போதும்

பூமியில் நாம் எங்கே இருக்கோம் என்று சொல்ல இரண்டு எண் வேணும். நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கு அல்லது தெற்கு என்பது அட்சரேகை. ஒரு குறிப்பிட்ட கோட்டிலிருந்து எவ்வளவு கிழக்கு அல்லது மேற்கு என்பது தீர்க்கரேகை. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்துடறாங்க. அதனால் இரண்டும் ஒரே மாதிரி வேலைன்னு நமக்கு ஒரு எண்ணம். கண்டுபிடிக்கிறவனுக்கு இரண்டும் வெவ்வேறு உலகம்.

அட்சரேகைக்குக் கடிகாரமே வேண்டாம். மார்ச் 21-ஐ ஒட்டிய நாளில் மதுரையில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அளந்தால் பதினேழரை சென்டிமீட்டர் இருக்கும். அதே நாள் சென்னையில் அளந்தால் இருபத்து மூன்று சென்டிமீட்டர் வரும். இந்த நிழலிலிருந்து கோணத்தைக் கணக்கிட்டால் மதுரைக்கு சுமார் 9.9 டிகிரி, சென்னைக்கு சுமார் 13.1 டிகிரி. ஒரு டிகிரிக்கு 110 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக சென்னை நமக்கு சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே. குச்சி, அளவுநாடா, கொஞ்சம் முக்கோணவியல், அவ்வளவுதான்.

இன்னொரு வழி, சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள். மதுரைக்கு அது ஏப்ரல் 16-ஐ ஒட்டி வரும், சித்திரை பிறந்து ஓரிரு நாளில். அன்று பகல் சுமார் 12 மணி 17 நிமிடத்துக்குக் குச்சியின் நிழல் குச்சியின் காலடியிலேயே ஒடுங்கிடும். மறுபடி ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாள். ராத்திரி பார்க்கணும்னா துருவ நட்சத்திரம். அது அடிவானத்துக்கு மேலே எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அதுதான் உங்க அட்சரேகை. மதுரையில் பத்து டிகிரிதான் என்பதால் வடக்கே வானம் தெளிவாக இருக்கணும்.

மேலே 12 மணி 17 நிமிடம் என்று சொன்னேன் இல்லையா, சரியாக 12 இல்லை. அந்தப் பதினேழு நிமிடத்துக்குள்ளேதான் தீர்க்கரேகை ஒளிஞ்சிருக்கு.

கடிகாரம் இல்லாமல் நடக்காது

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுது. ஒரு மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். இந்தியத் திட்ட நேரம் 82.5 டிகிரி கிழக்கை வைத்து அமைந்தது. மதுரை 78.12 டிகிரி. வித்தியாசம் 4.38 டிகிரி, நான்கால் பெருக்கினால் பதினேழரை நிமிடம். கிழக்கே உச்சிப்பொழுது ஆகி பதினேழரை நிமிடம் கழித்துத்தான் சூரியன் மதுரைக்கு உச்சிக்கு வருது. இதே கணக்கில், சென்னையில் உச்சிப்பொழுது ஆகி எட்டரை நிமிடம் கழித்து மதுரைக்கு.

ஆக, தீர்க்கரேகை என்பது தூரம் மாதிரி தோன்றும் நேரம். இரண்டு ஊர்களின் உள்ளூர் நேர வித்தியாசத்தைச் சொல்லிட்டா தீர்க்கரேகை வித்தியாசம் வந்துடும். உள்ளூர் நேரத்தை சூரியனையோ நட்சத்திரத்தையோ பார்த்துச் சொல்லிடலாம். ஆனால் அதே கணத்தில் அந்த இன்னொரு ஊரில் மணி என்ன? போன் இல்லாத காலத்தில் இதுதான் கேள்வி.

இது நம்ம ஆட்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. இந்திய வானியலில் பூஜ்யக் கோடு இலங்கையிலிருந்து உஜ்ஜயினி வழியாகப் போகும். அதிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் உள்ள வித்தியாசம் தேசாந்தரம். பஞ்சாங்கக் கணக்கில் அந்தத் திருத்தம் உண்டு. இன்றைய அளவில் உஜ்ஜயினிக்கும் மதுரைக்கும் வித்தியாசம் ஒன்பதரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால் அரை நாழிகைகூட இல்லை. தேசாந்தரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு சூரிய சித்தாந்தம் சந்திர கிரகணத்தைக் கைகாட்டுது. கிரகணம் வானத்தில் நடக்கிற ஒரே நிகழ்ச்சி, எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில் தெரியும். பூஜ்யக் கோட்டுக்குக் கணக்கிட்ட நேரத்தையும் உங்க ஊரில் பார்த்த நேரத்தையும் கழித்தால் தேசாந்தரம். அதாவது கிரகணம்தான் உலகத்துக்கே பொதுவான கடிகாரம்.

யோசனை அருமை, துல்லியம்தான் சிக்கல். பூமியின் நிழலுக்கு விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருக்காது. நிழல் இப்போ தொட்டுதா, இன்னும் தொடலையா என்பதில் ஆளுக்கு ஆள் நிமிடக்கணக்கில் வேறுபடும். ஒரு நிமிடம் என்றால் மதுரையில் 27 கிலோமீட்டர். திருமங்கலத்தையும் தாண்டிடும்.

நுங்கம்பாக்கத்தில் வியாழனின் நிலாக்கள்

1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தன் சொந்த வானாய்வகத்தை எழும்பூரில் அமைத்தார். பிறகு கம்பெனி அதை ஏற்று, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. மைக்கேல் டாப்பிங் திட்டமிட்டது, பின்னால் ஜான் கோல்டிங்காம் நடத்தியது. கம்பெனிக்கு வானியல் மேல் திடீர்க் காதல் எல்லாம் இல்லை. கப்பல் கரையில் மோதாமல் வரணும், பிடித்த நிலத்துக்கு வரைபடம் வேணும். இரண்டுக்கும் தீர்க்கரேகை வேணும். கருவியைத் தாங்க அங்கே நிறுத்திய பத்து டன் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இருக்கு. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்காங்க.

அங்கே பயன்பட்ட பொதுக் கடிகாரம் வியாழன் கோள். வியாழனுக்கு மிக அருகில் உள்ள பெரிய நிலா ஐயோ, நாற்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து வியாழனின் நிழலுக்குள் மறையும். சந்திர கிரகணம் மாதிரி வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை இல்லை, வாரத்துக்கு மூன்று நான்கு. கிரீனிச் நேரப்படி எப்போது மறையும் என்று அச்சடித்த அட்டவணை உண்டு. சென்னையில் உள்ளூர் நேரப்படி எப்போது மறைஞ்சது என்று பார்த்துக் கழித்தால் போதும்.

இப்போ கவனிங்க. ஐயோ சட்டென்று அணையும் விளக்கு இல்லை. அதன் குறுக்களவு 3,600 கிலோமீட்டருக்கு மேல், வேகம் வினாடிக்கு 17 கிலோமீட்டர் சுமார். முழுசாக நிழலுக்குள் போக மூன்றரை நிமிடம் ஆகும். மெல்ல மெல்ல மங்கிக்கிட்டே போகும். 'இப்போ மறைஞ்சுது' என்று எந்தக் கணத்தில் சொல்லுவீங்க என்பது உங்க கண்ணையும் தொலைநோக்கியின் அளவையும் அன்றைய வானத்தையும் பொறுத்தது. சின்னத் தொலைநோக்கியில் சீக்கிரமே மறைஞ்சுடும், பெரியதில் இன்னும் கொஞ்ச நேரம் தெரியும். பல வருஷம் பார்த்துச் சராசரி எடுத்தாலும் முழுசாகத் தீராது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சிதறுகிற பிழையைச் சராசரி கரைக்கும். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற பிழையைக் கரைக்காது. அட்டவணையிலும் பிழை இருந்தால் அதுவும் சேரும்.

இப்படி அளந்து அளந்து, சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகை என்று சர்வேயர்கள் பிடித்துக்கொண்ட எண் 80° 17′ 21″. டிகிரியை அறுபதாகப் பிரித்தால் கலை, அதை அறுபதாகப் பிரித்தால் விகலை. இதை நேரமாக மாற்றிப் பாருங்க. 80 டிகிரிக்கு 320 நிமிடம், 17 கலைக்கு 68 வினாடி, 21 விகலைக்கு 1.4 வினாடி. மொத்தம் 5 மணி 21 நிமிடம் 9.4 வினாடி. முதலில் பார்த்த +05:21:10-க்கு அரை வினாடி சொச்சம்தான் வித்தியாசம்.

உண்மையான எண் 80° 14′ 54″ பக்கம். வித்தியாசம் 2′ 27″. நேரத்தில் 9.8 வினாடி. மூன்றரை நிமிடமாக மங்குகிற ஒரு புள்ளியை, எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரோடு ஒப்பிட்டு, பத்து வினாடிக்குள் பிடிச்சிருக்காங்க. என் கணக்கில் இது பாராட்ட வேண்டிய வேலை.

இடைவெளிகள் சரி, தொடக்கம் தவறு

1802 ஏப்ரல் 10-ம் தேதி, பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நூறு அடி எஃகுச் சங்கிலி, ஏழரை மைல் நீளம், 57 நாள். அந்த ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு, தியோடலைட் என்ற கோணமானியால் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகத் தென்னிந்தியா முழுக்கப் பின்னினார். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற பக்கங்கள் கணக்கில் வந்துடும். அடுத்த முக்கோணத்துக்கு அதுதான் அடிப்பக்கம். இடையிடையே வேறு இடங்களில் மறுபடி சங்கிலி போட்டு அளந்து சரிபார்த்தார். மைல்கணக்கான நீளத்தில் வித்தியாசம் அங்குலக்கணக்கில்தான் வந்தது.

சமவெளியில் பார்வைக்கு மலை கிடைக்காத இடங்களில் கோயில் உயரங்கள்தான் துணை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த அரை டன் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைப் பிரித்துப் போட்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து, நெளிந்த வளையத்தைத் தன் கையாலேயே நேராக்கினார். திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று தெற்கே இறங்கிய அந்த முக்கோணச் சங்கிலியின் முதுகெலும்பு 78 டிகிரி தீர்க்கரேகை. மதுரைக்காரங்களுக்கு அந்தக் கோடு வீட்டு வாசல் மாதிரி. மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் மேற்கே, பல்கலை நகர்ப் பக்கமாகத்தான் போகுது.

முக்கோணங்கள் சொல்லுவது இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தையும் திசையையும் மட்டும்தான். முதல் புள்ளி உலகத்தில் எங்கே இருக்குன்னு அவை சொல்லாது. கிழக்கு மேற்கில் அந்த முதல் புள்ளி சென்னை வானாய்வகம். எல்லா இடங்களின் தீர்க்கரேகையும் சென்னையின் எண்ணோடு கூட்டியோ கழித்தோ வந்தவை. நம்ம மொழியில் சொன்னால் பேஸ் அட்ரஸும் ஆஃப்செட்டும். ஆஃப்செட் எல்லாம் அங்குல சுத்தம், பேஸ் அட்ரஸ் நாலரை கிலோமீட்டர் தள்ளி. சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் சரி, மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் உள்ள தூரம் சரி. மொத்தத் தாளும் கிழக்கே நழுவியிருந்தது.

இப்படிப்பட்ட பிழையை உள்ளேயிருந்து கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் இதில் பயங்கரம். இன்னும் ஆயிரம் முக்கோணம் போட்டாலும் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். எந்தச் சோதனையும் தோற்காது. வெளியே இருக்கிற ஒன்றோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

தந்திக் கம்பி சொன்ன பதில்

அந்த வெளி ஒப்பீட்டைக் கொடுத்தது தந்தி. 1870-ல் லண்டனிலிருந்து தெஹ்ரான் வழியாக கராச்சிக்குத் தந்திப் பாதை வந்துவிட்டது. இனி வியாழனின் நிலாவைக் கெஞ்ச வேண்டாம், கம்பியிலேயே மணி கேட்கலாம். இந்தியாவுக்குள்ளே ஊர் ஊராகத் தந்தியால் நேர வித்தியாசத்தை அளந்து வைத்திருந்தாங்க. 1890-களின் நடுவில் சர்வே அதிகாரிகள் பர்ரார்டும் லெனாக்ஸ்-கானிங்காமும் கராச்சியையும் கிரீனிச்சையும் கட்டங்கட்டமாக இணைத்தாங்க.

அவங்க முறை நெட்வொர்க் வேலை பார்க்கிறவங்களுக்கு உடனே புரியும். மேற்கிலிருந்து கிழக்குக்கு ஒரு சமிக்ஞை, கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒரு சமிக்ஞை. ஒன்றில் கம்பித் தாமதம் கூடும், இன்னொன்றில் குறையும். இரண்டையும் சராசரி எடுத்தால் தாமதம் காணாமல் போயிடும். இன்றைக்கு உங்க கம்ப்யூட்டர் என்.டி.பி. மூலம் மணியைச் சரிசெய்யும்போது செய்வதும் இதேதான். அடுத்தது, ஆள் பிழை. நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் கணத்தில் ஒருத்தர் கொஞ்சம் முந்தி அழுத்துவார், இன்னொருத்தர் பிந்தி அழுத்துவார். அதற்கு இரண்டு பேரும் இடம் மாறி மறுபடி அளப்பாங்க. அதுவும் கழிந்துபோகும். வியாழன் முறையில் கரையாத ஒருபக்கச் சாய்வு இங்கே திட்டமிட்டே கரைக்கப்பட்டது.

பதில்: பழைய தீர்க்கரேகைகளிலிருந்து 2′ 27″ கழிக்க வேண்டும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சர்வேயில் ஏற்கப்பட்டது. அச்சான பழைய தகடுகளை எல்லாம் ஒரே நாளில் மாற்ற முடியுமா? அதனால் ரொம்ப நாளைக்கு வரைபடத்தின் ஓரத்தில், இந்தத் தீர்க்கரேகைகளில் இவ்வளவு கழித்துக்கொள்ளவும் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும் போனது. எங்கேயும் ஒரு வரப்புகூட நகரவில்லை, ஒரு கல்லைக்கூட யாரும் பிடுங்கி நடவில்லை. ஆனால் வரைபடத்தில் நாடே மேற்கே நாலரை கிலோமீட்டர் நகர்ந்தது.

மதுரைக்கு இதனால் என்ன?

மதுரையைச் சுற்றிக் காணாமல்போன கண்மாய்களையும் வாய்க்கால்களையும் தேடுகிறவங்க இப்போது நிறைய. பழைய சர்வே தாள்கள் ஸ்கேன் வடிவில் இணையத்தில் கிடைக்குது. மூலையில் உள்ள டிகிரி எண்களை அப்படியே மென்பொருளில் கொடுத்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் போர்த்துவது ஐந்து நிமிட வேலை. அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் போர்த்தினால் என்ன ஆகும்?

மீனாட்சியம்மன் கோயில் இருப்பது 78° 07′ 10″ பக்கம். பழைய எண்ணில் அது 78° 09′ 37″. அந்த இடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தையும் தாண்டிக் கிழக்கே. கோயில் இடம் மாறினால் சிரித்துவிட்டுத் திருத்திடுவோம். ஆனால் மாடக்குளம் கண்மாய் நகருக்குத் தெற்கே தெருக்களுக்கு நடுவே வந்து உட்காரும். 'இங்கே ஒரு கண்மாய் இருந்தது, மூடி வீடு கட்டிட்டாங்க' என்று ஒரு படம் தயாராகிடும். இல்லாத ஆக்கிரமிப்பு ஒன்று பிறக்கும், இருக்கிற ஆக்கிரமிப்பு ஒன்று தப்பிக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஓரக் குறிப்பை ஒருமுறை படித்துக் காட்டினால் போதும், மற்ற எல்லா ஆதாரமும் சேர்ந்து மதிப்பிழக்கும். பழைய தாளில் 78 டிகிரி என்று போட்ட கோடு இன்றைய பல்கலை நகர்ப் பக்கம் இல்லை, செக்கானூரணிப் பக்கம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, தாளின் ஓரத்தில் சென்னை வானாய்வகத்துக்கு என்ன தீர்க்கரேகை எடுத்திருக்காங்கன்னு பாருங்க. 80° 17′ 21″ என்று இருந்தால் 2′ 27″ கழிங்க. இரண்டு, அத்தோடு நிறுத்தாதீங்க. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீளுருண்டையின் மேல் கணக்கிட்டவை, ஜி.பி.எஸ். வேறு நீளுருண்டையைப் பயன்படுத்துது. அதனால் இன்னும் நூறு மீட்டர் அளவில் விலகல் மிச்சம் இருக்கும். மூன்று, கடைசியில் எண்களை நம்பாமல் நகராத பொருட்களை வைத்துப் பொருத்துங்க. யானைமலை, திருப்பரங்குன்றம், கோயில் கோபுரங்கள், தெப்பக்குளத்தின் நான்கு மூலை. இரண்டு படத்திலும் இவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் மற்றதைப் பேசணும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடறேன், யாரும் பயப்பட வேண்டாம். உங்க பட்டாவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கிராம வரைபடமும் புலப்படமும் டிகிரியை வைத்து ஓடுவதில்லை. சர்வே எண், எல்லைக் கல், கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம் இவைதான் அங்கே கணக்கு. லாம்டனின் முக்கோணம் மாதிரியே அது பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிற மொழி. கிரீனிச் எங்கே இருக்குன்னு அதற்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை. கண்மாய் தேடுகிறவங்களுக்கு உறுதியான ஆதாரமும் அங்கேதான். பழைய சர்வே தாள் எங்கே தேடணும்னு காட்டும். எவ்வளவு பரப்பு, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரைக்கும் என்பதைப் புலப்படம்தான் சொல்லும். முதலில் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் வரைபடத்தைப் போர்த்துங்க.